வித்தால் செல்லாத பல்

கீழ் இடப்பக்கக் கடைவாய்ப் பல்லில் ஓட்டை விழுந்திருப்பதை முதலில் என் நாக்குத்தான் கண்டுபிடித்தது. அதன்பிறகு அது வேறெங்கும் போக மறுத்துவிட்டது. நான் குளியலறைக் கண்ணாடி முன் நின்று, கைத்தொலைபேசி வெளிச்சத்தை வாய்க்குள் அடித்து, நோக நோகப் பார்த்தேன். கறுப்பாக ஒரு குழி தெரிந்தது. அந்தக் குழிக்குள் என்னதான் இருக்கிறது என்று அறியும் ஆசை வலியைவிடப் பெரிதாக இருந்தது. ஊரார் விஷயத்திலேயே மூக்கை நுழைப்பவள் நான். சொந்த வாயை விடுவேனா?

பிரெஞ்சுத் தலைநகரை ஒட்டிய ஒபர்வில்லியேயில் ஓர் உடுப்புக் கிடங்கில் எனக்கு வேலை. பெட்டிகளை உடைத்து, உடுப்புகளைப் பிரித்து, விலைச்சீட்டு மாட்ட வேண்டும். அரைநாள் வேலை, அரைச் சம்பளம். அந்தச் சம்பளத்தோடு பல் வைத்தியரின் வாசல் மணியை அடிக்கவே கை வராது. ஆனால் என்னைப் போன்றவர்களுக்கு இங்கே அரசாங்கம் ஒரு துணைக் காப்புறுதி தருகிறது. வருடா வருடம் கடுதாசிகளைச் சேர்த்து அனுப்பினால், மருத்துவத்துக்கென்று எல்லோரிடமும் இருக்கும் பச்சை அட்டையில், அதாவது கார்த் வித்தாலில், அதுவும் ஏறிவிடும். அட்டையை நீட்டினால் போதும், காசு கேட்கமாட்டார்கள். வந்த புதிதில் அந்தப் பெயரைக் கேட்டுவிட்டு, எதை வித்தால் இது கிடைக்கும் என்று நான் கேட்டதை, தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

இரண்டு இடங்களில் புதிய ஆட்களை எடுப்பதில்லை என்றார்கள். மூன்றாவதாக, ஸ்டாலின்கிராட் மெட்ரோவுக்குப் பக்கத்தில் ஒரு சுகாதார நிலையத்தில் ஐந்து வாரம் கழித்து ஒரு நேரம் தந்தார்கள். அந்த ஐந்து வாரமும் கராம்பைக் கடித்துக்கொண்டு, வலப்பக்கத்தால் மட்டும் சாப்பிட்டேன். ஒரு பக்கத்தால் சாப்பிடுவது எவ்வளவு சலிப்பான காரியம் என்பது அப்போதுதான் தெரிந்தது. கிடங்கில் என்னோடு ஒரே மேசையில் வேலை செய்யும் அக்காவும் அப்படித்தான் சாப்பிடுவார் என்பதையும் அப்போதுதான் கவனித்தேன். அவர் மென்றது இடப்பக்கத்தால். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். சிரிக்கும்போதெல்லாம் வாயைக் கையால் மூடிக்கொள்வார். கூச்ச சுபாவம் என்று நினைத்திருந்தேன்.

ஐந்தாவது வாரம் போனேன். வைத்தியர் ஓர் இளம்பெண். பேச்சு மெட்ரோ வேகம். படம் எடுத்தார், குளிர்ந்த எதையோ பல்லில் தொட்டார், நான் கதிரையிலிருந்து அரை அடி எழும்பினேன். பிறகு ஒரு சொல் சொன்னார்: தெவித்தாலிஸே. அந்தப் பல்லை தெவித்தாலிஸே செய்ய வேண்டுமாம்.

என் பிரெஞ்சு கிடங்கில் படித்த பிரெஞ்சு. அங்கே ஒரு சொல்லின் தலையில் 'தெ' வந்தால், எதையோ எடுக்கவோ இறக்கவோ வேண்டும் என்று அர்த்தம். தெபாலே என்றால் பொதி பிரிப்பது, தெசார்ஜே என்றால் லொறியிலிருந்து சுமை இறக்குவது, தெமோந்தே என்றால் தட்டுகளைக் கழற்றுவது. அப்படியென்றால் தெவித்தாலிஸே? வித்தாலைக் கழற்றுவது. இந்த வைத்தியத்துக்கு அட்டை செல்லாது என்கிறார். யாரும் சொல்லித் தராமலே புரிந்துகொண்டேன் என்று உச்சி குளிர்ந்தது. அடுத்த நொடி என் அரைச் சம்பளம் நினைவுக்கு வந்தது. அப்படியானால் பிடுங்கிவிடுங்கள் என்றேன். அவர் முகத்தைச் சுளித்தார். நல்ல பல், வேர் உறுதியாக இருக்கிறது, ஏன் பிடுங்க வேண்டும், வீட்டுக்குப் போய் யோசியுங்கள் என்று ஒரு மாத்திரையும் அடுத்த கிழமைக்கு ஒரு நேரமும் தந்து அனுப்பினார்.

மறுநாள் கிடங்கில் அக்காவிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த சட்டையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஓம் பிள்ளை, அது வித்தால் செல்லாத வைத்தியம். எனக்கும் உந்தச் சொல்லைத்தான் சொன்னவை. நான் தலையை ஆட்டிப்போட்டுப் பிடுங்கச் சொன்னனான்."

எத்தனை பல் என்று கேட்டேன். மூன்று விரலைக் காட்டினார். வெவ்வேறு வருடங்களில், வெவ்வேறு வைத்தியர்களிடம், ஒவ்வொரு தடவையும் அதே சொல். யாருக்காவது பல் நோகிறது என்று கேள்விப்பட்டால் இதை மறக்காமல் சொல்லி எச்சரிப்பாராம்.

நான் கண்டுபிடித்ததற்கு ஒரு சாட்சியும் கிடைத்துவிட்டது. ஆனாலும் எனக்குள் ஏதோ அரித்துக்கொண்டே இருந்தது. பிடுங்குவதற்குச் செல்லும் அட்டை காப்பாற்றுவதற்கு ஏன் செல்லாது? பிடுங்கினால் பிறகு பொய்ப்பல் கட்ட வேண்டும், அதற்கும் அரசாங்கம்தானே கொடுக்க வேண்டும்? இதில் என்ன தந்திரம் இருக்கிறது? பல் போனாலும் பரவாயில்லை, காரணம் தெரியாமல் போகக்கூடாது என்று முடிவுசெய்தேன்.

அடுத்த கிழமை கதிரையில் ஏறியதும், வைத்தியரின் கருவித் தட்டில் என் பச்சை அட்டையை வைத்தேன். இது ஏன் தெவித்தாலிஸேக்குச் செல்லாது என்று, வாய்க்கு வந்த பிரெஞ்சில் கேட்டேன். அவர் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையைப் பார்த்தார். புரிந்ததும் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். பாவம், முடியவில்லை. எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், ஆவல்தான் வந்தது.

திரையில் என் பல்லின் படத்தைப் பெரிதாக்கி, மெதுவாகச் சொன்னார். பல்லுக்கு நடுவில் ஓடும் இந்த மெல்லிய கோடுதான் நரம்பும் இரத்தமும், பல்லின் உயிர். அது பழுதாகிவிட்டது. அதை மட்டும் எடுத்துவிட்டு, இடத்தைச் சுத்தம் செய்து அடைத்தால் பல் நிற்கும். உயிரை எடுப்பதுதான் தெவித்தாலிஸே. அட்டைக்குப் பெயர் வைத்தவர்களும் அதே உயிரைத்தான் நினைத்து வைத்தார்கள். அட்டை இதற்கும் செல்லும், மேலே போடும் மூடிக்கும் செல்லும். என் பங்கு என்று எழுதிய இடத்தில் பூச்சியம் போட்ட ஒரு தாளையும் காட்டினார்.

ஆக, 'தெ' விஷயத்தில் நான் பிழை விடவில்லை. எதைக் கழற்றுவது என்பதில்தான் பிழை.

விறைப்பூசி போட்ட பிறகு ஒரு கண்ணாடி கேட்டேன். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றபடி கொடுத்தார். நிறநிறமாகத் தலை வைத்த, மயிரிழை போன்ற ஊசிகள் ஒவ்வொன்றாக என் குழிக்குள் இறங்கி ஏறின. கடைசியில் ஒன்றின் நுனியில் சிவப்பாக ஒரு நூல் வந்தது. அதை வெள்ளைப் பஞ்சில் தடவிக் காட்டினார். உடுப்பு பிரிக்கும்போது உதறிவிடும் நூலில் கால்வாசி இருக்காது. ஆறு வாரம் என்னை ஆட்டிப்படைத்தது இதுதானா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அன்று லூயி-பிளாங் தெரு வழியாக, பாதி முகம் மரத்துப்போய், தனியாகச் சிரித்துக்கொண்டு நடந்தேன். விடிந்ததும் அக்காவிடம் ஓடினேன். அட்டையைத் தட்டில் வைத்தது, வைத்தியர் முழித்தது, எல்லாவற்றையும் நடித்தே காட்டினேன். அக்கா சிரித்தார். வழக்கம்போல் கை வாய்க்குப் போனது. சிரிப்பு நின்ற பிறகும் கை இறங்கவில்லை.

"அப்ப என்ர பல்லுகளை வைச்சிருந்திருக்கலாமோ?"

சொல்லும்போது அந்த மூன்று விரல் எனக்கு நினைவிலேயே இல்லை. என் கெட்டித்தனத்தைக் காட்டும் அவசரத்தில் ஓடிவந்திருந்தேன். வெட்கமாக இருந்தது, என் வாயின்மேல் எனக்கே ஆத்திரம் வந்தது. அன்று அக்கா பெரியவர்களின் சட்டைச் சீட்டுகளைக் குழந்தைகளின் காற்சட்டைகளில் மாட்டிக்கொண்டிருந்தார். அவர் அந்தப் பக்கம் போனபோது நான் சத்தமில்லாமல் கழற்றி மாற்றினேன்.

மூன்று நாள் தேவைக்கு மட்டும் பேசினார். நாலாம் நாள் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்திருந்து, உன்னுடைய அந்த வெளிச்சத்தை அடித்துப் பார் என்று வாயைத் திறந்தார். இத்தனை வருடத்தில் அவருடைய வாய்க்குள் நான் பார்த்தது அன்றுதான். வலப்பக்கத்தில் மூன்று வெற்றிடங்கள். பக்கத்துப் பல் அந்த இடத்துக்குச் சரிந்து நின்றது. அதன் தலையில் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரு கறுப்புக் குழி.

நோகிறதா என்று கேட்டேன். மூன்று மாதமாக என்றார். வருகிற மாதம் பிடுங்க நேரம் எடுத்து வைத்திருக்கிறாராம்.

அந்த நேரத்தை நானே தொலைபேசியில் ரத்துச் செய்தேன். ஸ்டாலின்கிராட் சுகாதார நிலையத்தில் யாரோ வராமல்போன ஓர் இடம் கிடைத்தது. மொழிபெயர்க்க நானும் போனேன். அக்கா தன் பச்சை அட்டையை வாசலிலேயே கைக்குள் எடுத்துக்கொண்டார். வைத்தியர் படத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பி, அதே சொல்லைச் சொன்னார். நான் தமிழில் சொல்ல வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினார்.

"ஓம்," என்றார் வைத்தியரைப் பார்த்து. தமிழ் தெரியாத அந்தப் பெண் தலையாட்டினார்.

வேலை முடிகிறவரைக்கும் அக்கா அட்டையை விடவில்லை. முடிந்ததும், எடுத்ததைக் காட்டச் சொல் என்றார். வைத்தியர் பஞ்சை அவருடைய கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். எனக்கு வந்ததைவிடவும் சிறிய நூல். அக்கா அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு விறைத்த வாயால், சொல் குழற என்னிடம் கேட்டார்.

"இவ்வளவுதானோ பிள்ளை எடுக்கவேண்டி இருந்தது?"

என்ன கேட்கிறார் என்று வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.