ஏழு இருக்கை தேடிப் போன சனிக்கிழமை

காலை ஒன்பதரை மணி, வைட்ஃபீல்ட்.

பெங்களூருவில் கார் பார்க்கப் போகிறவர்கள் சனிக்கிழமையைத் தேர்ந்தெடுக்காமல் இருப்பது நல்லது. ஊரே அன்றுதான் வெளியே வரும். எங்களுக்கு வேறு வழி இல்லை. நானும் கவிதாவும் ஐ.டி. வேலை, வார நாட்களில் இருவருக்கும் மூச்சுவிட நேரமிருக்காது. பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு, எங்கள் பழைய சின்ன காரில் மூன்று பேர் கிளம்பினோம். நான், என் மனைவி கவிதா, என் அக்கா மல்லிகா.

வீட்டில் நாங்கள் ஆறு பேர். நான், கவிதா, எங்கள் பிள்ளைகள் இரண்டு பேர், அக்கா, அவளுடைய மகள் நந்தினி. அக்கா தன் கணவர் வீட்டை விட்டுக் கிருஷ்ணகிரியிலிருந்து இரண்டு பெட்டிகளோடு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் தெருமுனையில் இருக்கும் பல் மருத்துவமனையில் வரவேற்பில் வேலை பார்க்கிறாள். நந்தினி பிளஸ் ஒன் படிக்கிறாள்.

ஆறு பேர் ஒன்றாக எங்கே போவதென்றாலும் எங்கள் காரோடு ஒரு வாடகை காரும் பிடிக்க வேண்டியிருந்தது. அதனால் ஏழு இருக்கை எஸ்.யூ.வி. வாங்குவோம் என்றாள் கவிதா. எனக்கோ அலுவலக நண்பர்கள் ஓட்டிவரும் புதிய மாடல் மேலேயே கண். அதில் ஐந்து இருக்கை வகைதான் பார்க்க அழகு. வெளியே சொல்லவில்லை.

நாங்கள் பார்க்க நினைத்தது ஒரே பெயரில் வரும் ஒரே வண்டியைத்தான். ஆனால் அது மூன்று தலைமுறை கண்டுவிட்டது. புதியது வைட்ஃபீல்ட் ஷோரூமில். நடுத் தலைமுறை வண்டி அடுகோடியில் பழைய கார்கள் விற்கும் ஓர் இடத்தில். எல்லாவற்றுக்கும் மூத்தது ரிச்சர்ட்ஸ் டவுனில், உரிமையாளர் வீட்டிலேயே. ஒரே நாளில் மூன்றையும் பார்த்துவிடுவது என்று திட்டம்.

"பின்னாடி சீட்ல உக்காரப் போறது அண்ணிதான். அவங்க பாக்க வேணாமா?" என்று சொல்லி கவிதாதான் அக்காவைக் கிளப்பினாள். அக்கா மருத்துவமனையில் ஒரு நாள் விடுப்பு கேட்டு வாங்கியிருந்தாள். நல்ல புடவையாக ஒன்று உடுத்தியிருந்தாள்.

பத்து மணி, ஷோரூம்.

புதிய தலைமுறை வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. கூரை முழுக்கக் கண்ணாடி. முன்னால் கைக்குட்டை அகலத்துக்குத் தொடுதிரை. கதவைச் சாத்தினால் வெளிச் சத்தம் அறவே இல்லை. ஏழு இருக்கை வகை வரி, காப்பீடு சேர்ந்து சாலைக்கு வரும்போது இருபத்தேழு லட்சத்தைத் தொடும். ஐந்து இருக்கை என்றால் மூன்று லட்சம் குறைவு. மூன்றாம் வரிசை பேருக்குத்தான் இருந்தது. அக்கா நடு இருக்கையைத் தாண்டி, குனிந்து, உள்ளே போய் உட்கார்ந்தாள். முழங்கால் முன் இருக்கையில் முட்டியது.

"எப்படி இருக்குக்கா?" என்று கேட்டேன்.

"கொஞ்ச தூரம்னா ஒண்ணும் தெரியாது. ஊருக்குப் போறப்ப நானும் நந்தினியும் மாத்தி மாத்திக் காலை நீட்டிக்குவோம்" என்றாள்.

கவிதா வரவேற்பு மேசையில் பழைய காரைக் கொடுத்தால் கிடைக்கும் சலுகை பற்றி விசாரித்துக்கொண்டிருந்தாள். விற்பனைப் பிரதிநிதி என்னை வண்டியின் பின்பக்கம் அழைத்துப் போனார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசினார். பொத்தானை அழுத்தியதும் டிக்கிக் கதவு தானாக மேலெழுந்தது.

"ஃபேமிலி எஷ்டு ஜன சார்? எத்தன பேரு?"

"நாலு பேர்தான்" என்றேன்.

அவர் மூன்றாம் வரிசையில் தெரிந்த தலையைப் பார்த்தார்.

"அக்கா இப்போதைக்குக் கூட இருக்காங்க. அவங்களுக்கு சீக்கிரம் வேற ஏற்பாடு ஆயிடும்."

அப்படி ஓர் ஏற்பாடு எதுவும் இல்லை. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை. நானும் மனசுக்குள் திட்டம் போட்டதில்லை. அந்த ஐந்து இருக்கை வண்டிக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது, வாயில் வந்துவிட்டது.

சொன்ன பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று உறைத்தது. டிக்கி திறந்திருந்தது. எனக்கும் அக்காவின் தலைக்கும் நடுவில் இருந்தது ஒரு சாய்மானம் மட்டும். அவள் கொண்டையில் செருகியிருந்த ஊசி என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அவள் திரும்பவில்லை.

"அப்படின்னா சார், பூட் ஸ்பேஸ் எவ்வளவு கிடைக்கும்னு காட்டறேன்" என்றவர் குனிந்து, "மேடம், கொஞ்சம் இறங்கிக்கறீங்களா? சீட்டை மடக்கணும்" என்றார்.

அக்கா இறங்கினாள். புடவை எங்கோ சிக்கிக்கொண்டது; தானே விடுவித்துக்கொண்டு வந்து ஓரமாக நின்றாள். பிரதிநிதி ஒரு வாரைப் பிடித்து இழுத்தார். அவள் உட்கார்ந்திருந்த இருக்கை மடிந்து தரையோடு தரையானது. "நாலு பெரிய சூட்கேஸ் தாராளமா வைக்கலாம் சார்" என்றார்.

"நல்லா எடம் இருக்குடா" என்றாள் அக்கா.

பன்னிரண்டே முக்கால், அடுகோடி.

வைட்ஃபீல்டிலிருந்து அடுகோடி சுமார் இருபது கிலோமீட்டர். மாரத்தஹள்ளி பாலம், ஏர்போர்ட் ரோடு, தொம்லூர், கோரமங்கலா. ஒன்றரை மணி நேரம் ஆனது. அவள் கேட்டிருக்க மாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே வந்தேன். ஷோரூமில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, ஏ.சி. சத்தம் இருந்தது, அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று ஒவ்வொரு சிக்னலிலும் ஒரு காரணம் கிடைத்தது. அக்காவும் வழக்கம்போலத்தான் இருந்தாள். தொம்லூரில் ஓர் ஓட்டலைக் காட்டி, "நிறுத்துடா, கவிதா காலையில ஒழுங்கா சாப்பிடல" என்றாள். மூவரும் தோசை சாப்பிட்டோம். தன் தோசையில் பாதியை எப்போதும் என் தட்டில் வைப்பவள் அன்றும் வைத்தாள். நான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

அடுகோடியில் பட்டறைகளுக்கு நடுவே தகரக் கூரை போட்ட பெரிய இடம். முப்பது நாற்பது பழைய கார்கள் பம்பரோடு பம்பர் உரசிக்கொண்டு நின்றன. நடத்துகிறவர் நயாஸ் பாய். ஐம்பது வயதிருக்கும். நடுத் தலைமுறை வண்டி ஆறு வருஷம் ஓடியது, டீசல், பதின்மூன்றரை லட்சம் சொன்னார். புதியதைவிடக் கூரை கொஞ்சம் உயரம். மூன்றாம் வரிசைக்கு ஏ.சி. காற்று தனியாக வரும். வாங்க நினைப்பவர்கள் பின்னிருக்கையில் வளர்ந்த ஆள் ஒருவரை உட்கார வைத்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

"பைட்டோ சார், உக்காருங்க. வீட்ல எத்தன பேரு? அதைச் சொல்லுங்க, நான் வண்டியச் சொல்றேன்" என்றார் நயாஸ் பாய்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள். "நாலு பேருங்க."

"ஆறு பேர் அண்ணி" என்று சிரித்தாள் கவிதா.

"நாலு பேருக்குப் பாருங்க பாய்" என்றாள் அக்கா மறுபடியும். குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. கடையில் சர்க்கரை கேட்பதுபோல் சொன்னாள். பிறகு தண்ணீர் குடிக்க உள்ளே போனாள்.

கவிதா என்னை ஒரு காரின் பின்னால் இழுத்தாள். "அண்ணி ஏன் அப்படிச் சொல்றாங்க?"

அப்போதாவது சொல்லியிருக்கலாம். "தெரியல" என்றேன். அதோடு நிறுத்தவில்லை. "ஒருவேளை கிருஷ்ணகிரிக்கே திரும்பிப் போயிடலாம்னு நினைக்கிறாங்களோ என்னவோ."

கவிதாவின் முகம் மாறிவிட்டது. "அந்த ஆளுகிட்டயா? நாம ஏதாவது குறை வெச்சோமாங்க? நான் ஏதாவது பேசினேனா?"

"சேச்சே, நீ என்ன பண்ணின" என்று அவளைத் தேற்றினேன். அதைச் சொன்ன என் குரல் இப்போதும் எனக்குக் காதில் கேட்கிறது. நல்லவன் குரல் போலவே இருந்தது.

நயாஸ் பாயின் வண்டியைக் கோரமங்கலா பக்கம் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியது. அக்கா வரவில்லை. "நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க, நான் இங்க இருக்கேன்" என்று பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மாலை நான்கு மணி, ரிச்சர்ட்ஸ் டவுன்.

வைட்ஃபீல்டிலேயே இருப்பவர்களுக்கு ரிச்சர்ட்ஸ் டவுன் வேறு ஊர் மாதிரி இருக்கும். அகலமான நிழல் தெருக்கள், பூங்கா, தள்ளித் தள்ளி வீடுகள். உரிமையாளர் பெயர் ஸ்டெல்லா. வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். குடும்பம் இங்கே குடியேறி மூன்று தலைமுறை ஆகிறதாம். வீட்டில் தமிழ், எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரிடம் கன்னடம். பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டதால் இவ்வளவு பெரிய வண்டி வேண்டியதில்லை என்று விற்கிறார்.

அவருடையதுதான் முதல் தலைமுறை. பெட்டி போன்ற வடிவம். திரை கிடையாது, கூரையில் கண்ணாடி கிடையாது, இன்ஜின் சத்தம் உள்ளே கேட்கும். ஆனால் மூன்றாம் வரிசை நிஜமான இருக்கை. பெரியவர்கள் நிமிர்ந்து உட்காரலாம். எட்டேகால் லட்சம் கேட்டார்.

"ஏறிப் பாருங்க" என்று அக்காவிடம் சொன்னார்.

"இருக்கட்டுங்க" என்றாள் அக்கா. தெருவைப் பார்த்தபடியே கேட்டாள்: "இந்தப் பக்கம் சின்னதா வீடு வாடகைக்குக் கிடைக்குமாங்க? ஒரு ரூம் இருந்தாக்கூடப் போதும்."

"யாருக்கு?"

"எனக்கும் என் பொண்ணுக்கும்."

ஸ்டெல்லா யோசித்தார். "இங்க வாடகை ஜாஸ்திம்மா. லிங்கராஜபுரம் பக்கம் கேட்டுப் பாக்கலாம்."

கவிதா திரும்பினாள். "அண்ணி, என்ன கேக்கறீங்க?"

"சீக்கிரம் வேற ஏற்பாடு பண்ணணும்ல கவிதா. சரவணன் சொன்னானே."

"எப்ப சொன்னாரு?"

"காலையில. ஷோரூம்ல அந்தப் பையன்கிட்ட."

கவிதா என்னைப் பார்த்தாள். அடுகோடியில் நான் சொன்னதும் சேர்ந்து அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது அந்தப் பார்வையில் தெரிந்தது. "ஆர்.சி.ய எடுத்துட்டு வந்துடறேன்" என்று ஸ்டெல்லா உள்ளே போனார். அது அவருடைய பெருந்தன்மை, ஆர்.சி. அவர் கையிலேயே இருந்தது.

"அக்கா, நான் சும்மா வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். மனசுல ஒண்ணும் இல்ல" என்றேன்.

"மனசுல இருந்தாத் தப்பில்லடா. ரெண்டு வருஷம் வெச்சுக்கிட்டீங்க. எத்தன நாளைக்குன்னு நானே கேட்டிருக்கணும்" என்றாள். "எங்கிட்டச் சொல்லியிருக்கலாம். இன்னிக்கு ஒரு நாள் லீவு போட்டு, எனக்கு எந்த சீட்டுன்னு பாக்க வந்தேன் பாரு. அதான் கொஞ்சம் ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் கையைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அதற்கும் வழி இல்லாமல், யாரோ ஒருவர் வீட்டு வாசலில், விற்பனைக்கு நின்ற காரின் பக்கத்தில், எங்கள் கார் சாவியை வைத்துக்கொண்டு நின்றேன்.

கவிதாதான் பேசினாள். "நீங்க எங்கேயும் போகக்கூடாது அண்ணி. இவரு சொன்னது இவரோட போகட்டும். எனக்கும் அந்த வீட்ல பேச்சு இருக்கு."

அக்கா அவள் தோளைத் தட்டினாள். "நந்தினி பிளஸ் டூ முடிக்கட்டும். அப்புறம் பாக்கலாம்" என்றாள். போகமாட்டேன் என்று அவள் சொல்லவில்லை.

இரவு எட்டு மணி, வீடு.

திரும்பும்போது கவிதா பின்னால் அக்காவோடு உட்கார்ந்துகொண்டாள். வாடகை கார் ஓட்டுகிறவனைப் போல நான் முன்னால் தனியாக ஓட்டிவந்தேன். யாரும் வண்டி பற்றிப் பேசவில்லை. பிள்ளைகளும் நந்தினியும் கதவைத் திறந்து, எந்தக் கலர், சன்ரூஃப் இருக்கா என்று கேட்டார்கள். "இன்னும் முடிவு பண்ணலை" என்றேன்.

வெளியே போய் வந்தால் அக்கா செருப்பைக் கழற்றியதும் நேராகச் சமையலறைக்குத்தான் போவாள். அவள் வந்த நாளிலிருந்து அப்படித்தான். அன்று ஹாலிலேயே நின்றாள். கைப்பையைக் கீழே வைக்காமல், "கவிதா, டீ போடட்டுமா?" என்று கேட்டாள்.

கவிதா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து ஸ்டெல்லாவின் வண்டியையே வாங்கினோம். வைட்ஃபீல்டில் நிறுத்தினால் சுற்றியுள்ள வண்டிகளுக்கு நடுவே பழசாகத்தான் தெரிகிறது. ஆறு பேரும் அதில் ஏலகிரி போய் வந்தோம். கூப்பிட்டால் அக்கா வருகிறாள், சிரிக்கிறாள், பிள்ளைகளோடு அந்தாக்ஷரி பாடுகிறாள். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு குறையும் தெரியாது.

பயணம் போகிறவர்கள் திரும்பி வரும்போது வீடு முன்பு இருந்த மாதிரியே இருப்பதைத்தான் சந்தோஷம் என்பார்கள். அன்று நாங்கள் மூன்று பேர் கிளம்பிய வீடு அக்காவுக்குத் தம்பி வீடு. இரவில் திரும்பிய வீடு அவளுக்கு வேறு யாருடையதோ ஆகிவிட்டது. ஐம்பது கிலோமீட்டர்தான் சுற்றியிருப்போம்.

இன்று காலைகூட ஹாலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். புழுக்கமாக இருந்தது. நான் அறையிலிருந்து வெளியே வந்ததும் நிமிர்ந்து, "சரவணா, ஃபேன் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டாள்.

ஓடிப்போய் நானே போட்டேன்.