கல்யாணத்தில் யார் கையைத் தூக்கப் போகிறார்கள்?

போன வருஷம் வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மலேசியாவில், மலாக்கா பாச்சாங்கில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்கம், கார் நிறுத்தும் இடத்தில், காலை பத்தே முக்கால் மணிக்கு இது நடந்தது. சுள்ளென்று வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் பட்டுப்புடவை கட்டி, தலைநிறையப் பூ வைத்து, நானே தைத்த புது பிளவுஸ் போட்டிருந்தேன். அந்த பிளவுஸின் கதைதான் இது.

நான் ஒரு தையல்காரி. பாச்சாங்கில் கடைவீட்டு மாடியில் சின்னதாக ஒரு கடை. இரண்டு மெஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, இருபத்திரண்டு வருஷமாக அதே இடம். தெங்கேராவிலிருந்து வருவார்கள். சுங்கை ரம்பாய் தோட்டங்களிலிருந்து முக்கால் மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டும் வருவார்கள். ஏன் வருகிறார்கள் என்றால், என் பிளவுஸில் ஒரு சுருக்கம் இருக்காது. தோளிலிருந்து முழங்கை வரை தோலோடு ஒட்டியது போல நிற்கும். கல்யாண போட்டோவைப் பார்த்தே “இது அந்தக்கா தச்சது” என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் கொஞ்சம் தலைக்கனம்தான், மறைப்பதற்கு ஒன்றுமில்லை.

அதற்கு ஒரு வெட்டு இருக்கிறது. கை கீழே தொங்கும்போது அக்குள் பக்கம் துளிகூடத் துணி மிஞ்சக்கூடாது. மிஞ்சினால் சுருக்கம் விழும். மிஞ்சாவிட்டால் சுருக்கம் விழாது, ஆனால் கையைத் தோளுக்கு மேலே தூக்கவும் முடியாது. தையல் தெரிந்த எவருக்கும் இது தெரியும். நானும் தெரிந்தேதான் வெட்டினேன். “கைய தூக்கினா இழுக்குதுக்கா” என்று யாராவது சொன்னால் ஒரே பதில் கைவசம் வைத்திருந்தேன். “கல்யாணத்துல யாரும்மா கைய தூக்கப் போறா?” கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள்.

ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. கிளினிக்கில் வேலை செய்கிற பெண், இருபத்தாறு வயதிருக்கும். அதற்கு முந்தைய வருஷம் கோயில் திருவிழா முடிந்த மறுவாரம், நான் தைத்துக் கொடுத்த பச்சை பிளவுஸைத் தூக்கிக்கொண்டு வந்தாள். “அக்கா, கை கிட்ட கொஞ்சம் லூஸ் பண்ணித் தாங்களேன்” என்றாள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அழகாக உட்கார்ந்திருக்கும் பிளவுஸைப் பிரிக்கச் சொன்னால் யாருக்குத்தான் வராது? “கோயிலுக்குக் கைய கூப்பிக் கும்பிடத்தானே போற, காவடியா தூக்கப் போற?” என்று கேட்டுவிட்டேன். அவள் பிளவுஸை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போனாள். அப்புறம் என் கடைப் பக்கமே வரவில்லை. எனக்கும் வேலை நெருக்கடி, மறந்தே போனேன்.

போன வருஷம் சித்திரையில் எங்கள் தாமான் குடியிருப்பில் பெண்களுக்குத் தற்காப்பு வகுப்பு ஒன்று தொடங்கியது. பாலாய் ராயாவில், அதாவது ஊர்ச் சமூக மண்டபத்தில், சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம். சொல்லிக்கொடுத்தது இருபத்து நான்கு வயதுப் பெண். பகலில் ஆபீஸ் வேலை, கராத்தேயில் கறுப்பு பெல்ட். நாங்கள் எல்லோரும் ‘கோச்’ என்றே கூப்பிட்டோம். வந்திருந்தவர்கள் பன்னிரண்டு பேர், பாதிப்பேர் என் வாடிக்கையாளர்கள்.

அந்த வகுப்பில் சாட்சாத் நான்தான் முதல் மாணவி. பின்னாலிருந்து ஒருவன் கழுத்தை வளைத்துப் பிடித்தால் என்ன செய்ய வேண்டும்? வலது கையை வானத்தைப் பார்த்து நேரே தூக்க வேண்டும், அப்படியே உடம்போடு திரும்ப வேண்டும். தோளே அவன் பிடியை உடைத்துவிடும். தூக்கிய கை இறங்கும்போது முழங்கையால் ஒன்று, உள்ளங்கையின் அடிப்பகுதியால் தாடையில் ஒன்று. மற்றவர்கள் கோச்சைப் பிடிக்கவே கூச்சப்பட்டு “சாரி கோச், சாரி கோச்” என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது நான் அவளை இரண்டு தடவை தரையில் உட்கார வைத்துவிட்டேன். வாய் சும்மா இருக்குமா? “என் கையில மாட்டினவன் கதி அவ்வளவுதான்” என்று எல்லோரையும் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தேன்.

கோச் இரண்டு விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். முதலாவது காரைப் பற்றி: “என்ன ஆனாலும் அவன் காடிக்குள்ள மட்டும் போயிராதீங்க. வெளிய நிக்கற வரைக்கும் நமக்கு வழி இருக்கு. ஒன்னுமே முடியலன்னா தொப்புன்னு கீழ உக்காந்திருங்க. உக்காந்த ஆள தூக்கறது ரொம்ப கஷ்டம் லா.” இதைக் கேட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். கீழே உட்கார்ந்தால் எங்களையே யாராவது தூக்கிவிட வேண்டுமே!

இரண்டாவதை எனக்கென்றே சொன்னாள். “அக்கா, டி-ஷர்ட் போட்டா எல்லாரும் புலிதான். அடுத்த வாரம் நீங்க வழக்கமா விசேஷத்துக்குப் போடற துணியில வாங்க. அதுல ஒரு தடவ செஞ்சு பாத்துருவோம்.”

“பட்டுப் புடவையில யாரும்மா சண்டை போடுவா?” என்றேன். என் பதில்கள் எல்லாம் ஒரே அச்சுதான்.

இப்போது கல்யாணத்துக்கு வருகிறேன். பெண் வீட்டார் எனக்கு நெடுநாள் பழக்கம். மணப்பெண்ணுக்கும் அவள் வீட்டுப் பெண்களுக்கும் மொத்தம் ஒன்பது பிளவுஸ் நான்தான் தைத்தேன். ஒன்பதுக்கும் இரட்டைத் தையல், என் வழக்கம் அது. இத்தனை வருஷத்தில் என் தையல் பிரிந்தது என்று ஒருவர் வந்து நின்றதில்லை. எனக்கான பிளவுஸைத் தைக்கும்போது நேரமே இல்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்பது போல, தையல்காரிக்கு ஒற்றைத் தையல் போதும் என்று ஓட்டிவிட்டேன். ஆனால் வெட்டில் குறை வைக்கவில்லை, அச்சு அசலாக என் வெட்டு.

முகூர்த்தத்துக்குக் கொஞ்ச நேரம் முன்னால் மணப்பெண்ணின் பிளவுஸ் கொக்கி ஒன்று தெறித்துவிட்டது. அவள் அம்மா வேர்த்து விறுவிறுத்து என்னிடம் ஓடி வந்தார். “அக்கா, ஊசி நூல் இருக்கா?” என் காரில் எப்போதும் ஒரு பிஸ்கட் டின் இருக்கும், அதில் ஊசி, நூல், கொக்கி எல்லாம் இருக்கும். “ரெண்டு நிமிஷம்” என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாகப் போனேன்.

கார்கள் வரிசையாக நின்றன, ஆள் நடமாட்டம் இல்லை. எல்லோரும் உள்ளே மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் தள்ளி ஒரு மோட்டார் சைக்கிள் இன்ஜினை அணைக்காமல் நின்றது, இரண்டு பேர் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். பார்த்தேன், ஆனால் மனசில் வாங்கவில்லை. என் மனசெல்லாம் கொக்கியில் இருந்தது. காரின் பின்கதவைத் திறந்து, குனிந்து, சீட்டுக்குக் கீழே டின்னைத் தேடினேன்.

டின்னை எடுத்து நிமிர்ந்ததும் கழுத்தைச் சுற்றி ஒரு கை விழுந்தது. “டியாம்!” என்றான். மலாயில் சத்தம் போடாதே என்று அர்த்தம். இன்னொரு கையால் என் முதுகைப் பிடித்துக் காருக்குள் தள்ளினான். சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடுகிறவன் இல்லை இவன் என்று அந்தத் தள்ளலிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. கார் சாவி கதவிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. காருக்குள் போனால் முடிந்தது கதை.

ஆச்சரியம் என்னவென்றால், எனக்குப் பயம் வரவில்லை. ‘இது தெரிந்த பாடம்தானே’ என்றுதான் தோன்றியது. வலது கையை வானத்தைப் பார்த்துத் தூக்கினேன்.

கை தோள் உயரத்தில் நின்றுவிட்டது.

மறுபடி தூக்கினேன். யாரோ என் கையைக் கட்டிப்போட்டது போல இருந்தது. கட்டிப்போட்டது யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அப்போதுதான் பயம் வந்தது. வாயைத் திறந்து கத்தினேன். மெஷின் சத்தத்தையே தாண்டிப் பேசிப் பழகிய குரல் இது, சாதாரண நாளாக இருந்தால் அடுத்த தெருவுக்குக் கேட்டிருக்கும். ஆனால் அதே நேரம் உள்ளே கெட்டிமேளம் தொடங்கிவிட்டது. என் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

என் தலை கதவுக்குள் போய்விட்டது, ஒரு முட்டி சீட்டின் மேல் ஏறிவிட்டது. அப்போது கோச் சொன்னது ஞாபகம் வந்தது. தொப்பென்று கீழே உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்ன, மூட்டையைப் போட்டது போல விழுந்தேன். எழுபத்தெட்டு கிலோ உடம்பைப் பற்றி அத்தனை வருஷம் கவலைப்பட்டிருக்கிறேன், அன்றைக்கு அது எனக்குக் கைகொடுத்தது. என் பாரம் அவன் கையை இழுத்தது, அவனும் குனிந்தான். விழுகிற வேகத்தில் கதவைப் பிடிக்க என் கை தானாக மேலே போனது. ‘டர்ர்ர்’ என்று ஒரு சத்தம். அக்குளிலிருந்து இடுப்புவரை என் ஒற்றைத் தையல் பிரிந்துபோனது.

கை விடுதலையானது. வானம்வரை போனது. தரையில் உட்கார்ந்தபடியே திரும்பினேன். அவன் கழுத்துப்பிடி நழுவியது. முழங்கை அவன் நெஞ்சில் இறங்கியது. ஹெல்மெட்டுக்குக் கீழே தெரிந்த தாடையில் உள்ளங்கையால் ஒன்று விட்டேன். இன்னொன்றும் விட்டேன், அது வகுப்பில் சொல்லித்தராதது. அவன் பின்னால் சாய்ந்து, எழுந்து, தடுமாறி ஓடினான். மோட்டார் சைக்கிள் அவனை ஏற்றிக்கொண்டு பறந்தது. வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். கல்யாண வீட்டில் சொல்லக்கூடாத வார்த்தைகள், மேளம் காப்பாற்றியது.

காரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, டின்னைப் பொறுக்கிக்கொண்டு உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன். ஆண்கள் வெளியே ஓடினார்கள். தாலி கட்டி முடிந்திருந்தது. மணப்பெண் அதுவரை இரண்டு ஊக்குகளில் சமாளித்திருக்கிறாள். அந்தக் கொக்கியைத் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போலீஸில் ரிப்போர்ட் செய்யப் போனேன்.

எல்லோரும் என்னை வீராங்கனை என்றார்கள். இரண்டு நாள் நானும் அதை நம்பிக்கொண்டு நன்றாகவே திரிந்தேன். மூன்றாம் நாள் கடையில் உட்கார்ந்து அந்தக் கிழிந்த பிளவுஸை மடியில் வைத்துப் பார்த்தேன். என்னைக் காப்பாற்றியது என் சோம்பேறித் தையல். வழக்கம்போல இரட்டைத் தையல் போட்டிருந்தால் பிரிந்திருக்காது. அப்படியானால் என் இரட்டைத் தையலில், என் வெட்டில், ஊர் முழுக்க எத்தனை பெண்கள் கையைத் தூக்க முடியாமல் நடமாடிக்கொண்டிருக்கிறார்கள்?

கோச்சுக்குப் போன் செய்து “நீ சொன்னது சரிம்மா, நான்தான் கேக்கல” என்றேன். அப்புறம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். நடந்ததைச் சொல்லி, “நான் தச்ச பிளவுஸ எல்லாம் கொண்டு வாங்க. அக்குளுக்குக் கீழ ஒரு துண்டு வச்சுத் தரேன். கை நல்லா மேல போகும். இத்தன நாளா நான் செஞ்சது தப்பு” என்றேன். தப்பு என்று சொல்ல என் நாக்குக்கு அவ்வளவு பழக்கமில்லை. மூன்று தடவை அழித்து அழித்துப் பேசினேன்.

முதலில் வந்தது கிளினிக் பெண். அதே பச்சை பிளவுஸ். மேசைமேல் வைத்தாள். நான் தையலைப் பிரிக்கத் தொடங்கினேன். பாதி பிரித்ததும் மெல்லச் சொன்னாள்.

“அன்னிக்குத் திருவிழாக் கூட்டத்துல, ரதம் வரும்போது, பின்னால ஒருத்தன் நின்னான்கா. அசிங்கமா கைய வச்சான். திரும்பி ஓங்கி ஒன்னு விடணும்னு கைய தூக்கறேன், வரல. கால் மணி நேரம் அப்படியே நின்னேன். அதான் லூஸ் பண்ணித் தாங்கன்னு கேட்டு வந்தேன்.”

என் கையில் கத்தரிக்கோல் நின்றுவிட்டது. அவள் அன்று என்னிடம் கேட்டது துணியைப் பற்றி இல்லை. நான் கொடுத்த பதிலோ காவடி. அந்த வெட்கத்தை எப்படிச் சொல்வது? எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “என்னை மன்னிச்சிரும்மா” என்றேன். நான் அழுதேன், அவள் அழவில்லை. “தச்சு முடிங்கக்கா, போட்டுப் பாக்கணும்” என்றாள்.

முடித்துக் கொடுத்தேன். உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு வந்து கண்ணாடிமுன் நின்றாள். அக்குள் பக்கம் இரண்டு சுருக்கம் தெரிந்தது, என் கண் முதலில் அங்கேதான் போனது, பழக்கதோஷம். அவள் சுருக்கத்தைப் பார்க்கவில்லை. வலது கையை மெதுவாகத் தூக்கினாள். காது வரை போனது, அதற்கு மேலும் போனது. அப்படியே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு யாரையோ பார்த்து அடிப்பது போலக் கண்ணாடிக்கு நேரே ஒரு வீச்சு வீசினாள். காற்றில் என் அளவுநாடா ஆடியது. “இப்ப வருதுக்கா” என்றாள், சிரித்துக்கொண்டே.

அடுத்த சனிக்கிழமை அவளும் பாலாய் ராயாவுக்கு வந்தாள். நாங்கள் பன்னிரண்டு பேரும் பட்டுப்புடவையில் போயிருந்தோம். அவள் பதின்மூன்றாவது ஆள், பச்சை பிளவுஸில்.

இப்போது யார் அளவு கொடுக்க வந்தாலும் டேப்பை எடுப்பதற்கு முன் “கைய தூக்கும்மா” என்கிறேன், முழுசாகத் தூக்கிக் காட்டிய பிறகுதான் அளவெடுக்கிறேன். போட்டோவில் சுருக்கம் விழுந்தால் விழட்டும், என் கடைப் படியிறங்கிப் போகிற எந்தப் பெண்ணும் இனி என் தையலுக்குள் அகப்பட்டுக்கொண்டு நிற்கக்கூடாது.