பாயச வாளி

ஓட்டல் படிப்புப் படித்த எங்கள் வகுப்பில் ஓட்டலில் வேலை பார்க்கும் எண்ணம் ஒருவருக்கும் கிடையாது. ஏன் சேர்ந்தீர்கள் என்று பேராசிரியர் கேட்டார். பாதிப் பேர் கப்பல் என்றார்கள், மீதிப் பேர் துபாய். எல்லா மகராசாக்களும் எடுத்த எடுப்பில் மேனேஜர்தான். தட்டு ஏந்த மட்டும் ஆளில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து போயிருந்த நான் ஒருத்திதான், "எனக்குப் பரிமாறப் பிடிக்கும் சார்" என்றேன். வகுப்பே சிரித்தது.

கடைசி வருஷம் சென்னையில் ஒரு பெரிய ஓட்டல் என்னைச் சாப்பாட்டுக்கூடத்தில் பரிமாறும் வேலைக்கு எடுத்தது. அண்ணன் கல்யாணத்தன்று இரவு ரயிலேறினால்தான் சொன்ன நாளில் சேர முடியும். அப்பா குதித்தார்.

"ஏட்டி, கண்டவனுக்குச் சோறு வைக்கவா ஒன்னயப் படிக்க வச்சேன்? நாளைக்கு எவன் பொண்ணு கேட்டு வருவான்?"

சொன்னது யார்? பந்தியில் பாயச வாளி தன் கைக்கு வராமல் பெரியப்பா கைக்குப் போய்விட்டது என்று ஒரு வருஷம் அவர் வீட்டு வாசலை மிதிக்காத மனுஷர். எங்கள் பக்கம் பாயச வாளி பிடிப்பது அப்பேர்ப்பட்ட மரியாதை. அங்கேயும் கண்டவனுக்குத்தான் வைக்கிறார்கள். சம்பளம் கிடையாது, அதனால் கௌரவம்.

இருந்தாலும் மனம் மாறுவார் என்று பையைக் கட்டிக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தேன்.

கல்யாணத்தில் கூட்டம் நெரிந்தது. பரிமாற ஆள் போதவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நான் இறங்கினேன். யார் இலையில் என்ன தீர்ந்தது என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். பெண் வீட்டுக்காரர் ஒருவர் வாய்விட்டே சொன்னார்:

"அண்ணாச்சி, ஒங்க மக என்னமா கவனிக்கா!"

"பின்னே? ஓட்டல் படிப்புல்லா படிச்சிருக்கா!"

அப்பாவுக்கு முகமெல்லாம் பல். அத்தனை பேர் முன்னால் பாயச வாளியை என் கையில் கொடுத்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இதுதான் நேரம் என்று கேட்டேன்.

"அப்பொ ராத்திரி ரயிலுக்குக் கெளம்பட்டாப்பா?"

"அது வேற, இது வேற. கடைசிப் பந்தியக் கவனி."

கவனித்தேன். ரயில் போயிற்று. அன்று அழுத அழுகையை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் சாப்பிட்ட களைப்பில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ஒரு நூற்பாலை ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஃபேன் இருக்கிறது, சுழல் நாற்காலி இருக்கிறது, பெண் கேட்டு வரத்தான் இன்னும் ஒருவரையும் காணோம். ஆனால் ஊரில் காதுகுத்து, சடங்கு எதுவானாலும் அப்பாவே முந்திக்கொண்டு வாக்குக் கொடுத்துவிடுகிறார்:

"பாயசத்துக்கு நீங்க கவலயே படாதிய. எம் மகள லீவு போடச் சொல்லுதேன்."