அண்ணன் பாஸில் போட்ட ஆட்டம்

பரணில் கிடந்த பழைய வீடியோ கேம் பெட்டியை மகளுக்காக டிவியில் மாட்டினேன். கொஞ்ச நேரத்தில் சூடேறி, பிளாஸ்டிக் வாடை வந்தது. அந்த வாடை என்னைக் காரைக்குடி வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

நான் ஆறாவது படித்தபோது, அண்ணன் பாதி ஆட்டத்தை அப்படியே நிறுத்தி, பாஸில் போட்டான். “அணைச்சா முதல்லருந்து ஆடணும். செக்காலை வரைக்கும் போயிட்டு வந்துர்றேன். தொட்டே, தொலைச்சுப்புடுவேன்” என்று சைக்கிளை எடுத்தவனை லாரி அடித்துவிட்டது.

“சாவு வீட்ல என்னடா டிவி?” என்று சித்தப்பா டிவியை மட்டும் அணைத்தார். தினமும் போகும் கரண்டு அன்றைக்குப் போகவில்லை. மறுநாள், டிவியடியில் சாய்ந்திருந்த அம்மாவின் கை கேம் பெட்டியில் பட்டது.

“என்னடா, இம்புட்டுச் சுடுது?”

“அண்ணன் ஆட்டம் உள்ள நிக்கிதும்மா.”

அம்மா கையை எடுக்கவேயில்லை.

“ரொம்பச் சுடுதுப்பா, அணைச்சிரவா?” என்கிறாள் மகள்.