உபைதுல்லா வீட்டுத் தொட்டிக்கு மேலே

அதிராம்பட்டினத்து நுஸைபாவுக்குப் பகலெல்லாம் தையல் மிஷின். மஃரிப் தொழுதுவிட்டு மாடி ஏறினால் கழுத்தில் பைனாகுலர், கையில் நோட்டு. கத்தாரிலிருந்து என்ன வாங்கிவரட்டும் என்று கணவர் இர்பான் கேட்டபோது அவள் கேட்டது அந்தப் பைனாகுலரைத்தான். நகை கேட்காத பெண்டாட்டியை நினைத்து அந்த மனிதர் பயந்தே போனார்.

மூன்று வருஷத்தில் நோட்டில் அறுபது சேர்ந்தது: பிரகாசமான நட்சத்திரங்கள் நாற்பது, மங்கலான கொத்துகளும் ஒளிமேகங்களும் இருபது. டெலஸ்கோப் இல்லாத யாரும் பார்த்துப் படிக்க வேண்டும், அதுதான் அவள் ஆசை. பட்டுக்கோட்டை வானியல் மன்றம் அதைக் கையேடாகப் போட முன்வந்தது. ஆனால் தலைவர் அஹமது கபீர் கறாரான ஆள். பட்டியலை வைத்து இன்னொருவர் தேடிக் கண்டுபிடித்தால்தான் அச்சு என்றுவிட்டார்.

ஜூன் மாதம் ஒருநாள் எட்டரை மணிக்கு அவரே போன் செய்தார்.

"ஏம்மா, காலேஜ் கிரவுண்டுல நிக்கிறேன். உபைதுல்லா யாரு?"

"எதிர்வீட்டுக்காரங்க சார்."

"'ஒமேகா சென்டாரி கொத்து, உபைதுல்லா வீட்டுத் தொட்டிக்கு மேலே நாலு விரல்'னு எழுதியிருக்கீங்க. நான் இங்க எந்தத் தண்ணித் தொட்டியைத் தேடுவேன்?"

நுஸைபாவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அறுபதும் அந்த லட்சணம்தான். மினாரா, கரன்ட் கம்பம், பக்கத்து வீட்டுத் தென்னை. அவள் மாடியை விட்டு இறங்கினால் பட்டியல் செல்லாக்காசு. இவ்வளவு மக்காகவா இருந்தோம் என்று அழுகையே வந்துவிட்டது.

அழுதுகொண்டே கையை நீட்டி, விரல்களை முட்டியாக மடக்கி, அடிவானத்திலிருந்து ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அளந்தாள்.

"சார், நேர் தெற்கே பாருங்க. கையை நீட்டி முட்டிக்கு மேல முட்டி வைங்க. மூணு முட்டி உயரம்."

அவர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது போனில் கேட்டது.

"அட, இருக்கும்மா. பஞ்சு மாதிரி."

மிச்சத்தையும் முட்டிக் கணக்குக்கு மாற்ற ஒரு வருஷம் பிடித்தது. ஐப்பசி, கார்த்திகை மழை இரண்டு மாதத்தை விழுங்கியது. பழைய அடையாளங்களை மொத்தமாக அடித்துவிட்டாள். அவை இருந்த கட்டத்தை வெறுமனே விட்டு, 'உங்கள் ஊர் அடையாளம்' என்று தலைப்பு எழுதினாள்.

கையேடு வந்த மறுவாரம் முன்பின் தெரியாத ஒரு பெண் கோடியக்கரையிலிருந்து போனில் பேசினாள். பெயர் வேம்பு, உப்பளத்தில் வேலை.

"அக்கா, இப்பத்தான் அளந்து பாத்தேன். அந்த ஒமேகா சென்டாரி மங்கல் உருண்டை எங்க உப்புக் குவியலுக்கு மேல நிக்குது. அந்தக் கட்டத்துல அப்படியே எழுதிக்கவா?"

"எழுதிக்கம்மா, எழுதிக்க" என்றாள் நுஸைபா. சந்தோஷத்தில் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.