கடலுக்கடியில் ஒரு சலூன்

போன வருடம், கடலைக் கொந்தளிக்க வைக்கும் கச்சான் காற்று எழும்புவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், கற்பிட்டிக் கரையில் நடந்த சம்பவம் இது. கடல் குளம் போல அசையாமல் கிடந்த ஒரு காலை நேரம்.

முதலில் என் கணவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பல வருடங்களாகக் கடலட்டை பிடிக்கச் சுழியோடியவர். காது பாதிக்கப்பட்டு, இனிக் கடலுக்கடியில் போகவே கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு மதுரங்குளியில் ஒரு சின்னக் கடையோடு ஒதுங்கிவிட்டார். கடலை விட்டாலும் கடல் கதையை விடவில்லை. அதில் ஒரு கதை எங்கள் குடும்பத்தில் ரொம்பப் பிரபலம். கடலுக்கடியில் ஒரு சலூன் இருக்கிறதாம். பெரிய மீன்கள் வரிசையாக வந்து நின்று வாயைத் திறக்குமாம். விரலளவு நீல மீன்கள் உள்ளே புகுந்து, பல், செவுள் எல்லாம் துப்புரவாக்கிவிட்டு வெளியே வருமாம். அதுவரை பெரிய மீன் வாயை மூடாதாம்!

“வாப்பா, தலைக்கு எண்ணெயும் வைப்பாங்களா?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரிப்பது நான்தான். பெருநாளைக்கு வரும் சொந்தக்காரர்கள்கூட “சலூன் எப்படிப் போகுது?” என்று அவரைச் சீண்டுவார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் கொஞ்சக் காலமாக அந்தக் கதையை அவர் எடுப்பதே இல்லை. யாராவது கேட்டாலும் பேச்சை மாற்றிவிடுவார். அது எனக்கு என்னவோ செய்தது.

அவரோடு முன்பு சுழியோடிய, உடப்பு என்ற ஊரைச் சேர்ந்த உடப்புக்காரர் ஒருவர், இப்போது சுற்றுலாப் பயணிகளைக் கடலுக்கடியில் கூட்டிப்போய்க் காட்டுகிறார். ஒருநாள் வீட்டுக்கு வந்தவரிடம், சலூன் கதை உண்மையா என்று மெதுவாகக் கேட்டேன். “நான் ஓம் எண்டு சொன்னா, கூட்டாளிக்குச் சப்போட் பண்றன் எண்டு சொல்லுவீங்க. நீங்களே வந்து பாருங்கக்கா. கரையிலிருந்து நடந்தே இறங்கலாம்” என்றார். கடற்கரை ஊரில் பிறந்தும் முழங்காலுக்கு மேல் கடலில் நனையாதவள் நான். நீந்தவும் தெரியாது. ஆனாலும் வாய் முந்திக்கொண்டு “வாறன்” என்று சொல்லிவிட்டது.

அன்று காலை, உடம்பை மூடிய ரப்பர் உடுப்பு, அதற்கு மேல் ஒரு பெரிய ரீசேட், தலையை இறுக்கிப் பிடித்த தொப்பி, முதுகில் சிலிண்டர் என்று நான் நின்ற கோலத்தைப் பார்த்து என் கணவர், “கடற்பசு கரையேறிட்டுது எண்டு ஆக்கள் கூடப் போறாங்க” என்றார். பகிடி விட்டாலும் முகம் வெளிறிப் போயிருந்தது. “காது வலிச்சா உடனே மேல வந்துடு. சலூனும் வேணாம், ஒண்டும் வேணாம்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இடுப்பளவு தண்ணீரில் உடப்புக்காரர் எனக்குப் பாடம் எடுத்தார். மூச்சை அடக்கக் கூடாது, மூக்கைப் பிடித்து ஊதிக் காதைச் சரி செய்ய வேண்டும், பெருவிரலை உயர்த்தினால் மேலே போகிறோம், விரலை வட்டமாக வளைத்தால் எல்லாம் சரி என்று அர்த்தம். “முக்கியமா அக்கா, உள்ளுக்குக் கதைக்கக் கூடாது. வாயத் திறந்தா குழாய் கழண்டுடும்” என்றார். யாரிடம் போய் என்ன கேட்கிறார் பாருங்கள்! கரையில் நின்ற என் கணவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

என் கையைப் பிடித்தபடியே உடப்புக்காரர் என்னைத் தண்ணீருக்கடியில் கூட்டிப்போனார். முதலில் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. பிறகு பயம் எங்கே போனது என்றே தெரியவில்லை. சட்டியில் மட்டுமே நான் சந்தித்திருந்த கிளிமீன்கள் பச்சையும் ரோசாவுமாக என்னைக் கடந்து போயின. மணலில் ஒரு கடலட்டை சோம்பலாகக் கிடந்தது. எங்கள் வீட்டுக்குக் கூரை போட்டது இந்தப் பிராணிதானே என்று அதற்கு மனதுக்குள் ஒரு சலாம் சொன்னேன்.

ஒரு பாறைக்கு முன்னால் அவர் நிறுத்தினார். காத்திருந்தோம். அங்கே ஒன்றுமே இல்லை. கரையில் நிற்கும் என் கணவரிடம் போய் என்ன சொல்வேன் என்று யோசித்தேன். அப்போதுதான் கொழுத்த கலவாய் மீன் ஒன்று மெல்ல வந்து, பாறையோரம் சரிந்து நின்று, வாயை ஆவென்று திறந்தது. கறுப்புக் கோடு போட்ட இரண்டு நீலப் பொடி மீன்கள் ஓடி வந்தன. ஒன்று வாய்க்குள் நுழைந்து செவுள் வழியாக வெளியே வந்தது. பின்னால் இன்னொரு மீன், அவசரமே இல்லாமல், தன் முறைக்காகக் காத்து நின்றது.

அதிசயத்தைக் கண்டால் எங்கள் ஆட்களின் வாய் சும்மா இருக்காது. “சுப்ஹானல்லாஹ்!” என்று நானும் சொன்னேன். சொன்னது பாதி, உப்புத் தண்ணீர் குடித்தது மீதி. குழாய் எங்கேயோ போய்விட்டது. உடப்புக்காரர் பாய்ந்து அதை என் வாயில் பொருத்தி, மூச்சு சீராகும்வரை தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு பெருவிரலை உயர்த்தினார். மேலே போகிறோம்! நான் அவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, எல்லாம் சரி என்று விரலை வளைத்து வளைத்துக் காட்டினேன். கண்ணாடிக்குள் என் கண்களை உற்றுப் பார்த்துவிட்டுச் சம்மதித்தார். இரண்டாவது மீனின் முறை முடியும்வரை பார்த்தேன். இந்த முறை மனதுக்குள்ளேயே சொல்லிக்கொண்டேன்.

கரைக்கு வந்தபோது என் கணவர் உடுத்த சாரத்தோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றிருந்தார். “காது வலிக்குதா?” என்றுதான் கேட்டார். சலூனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“இஞ்சாருங்க, சலூன் திறந்துதான் இருக்கு” என்றேன். “கலவாய் ஒண்டு வேலைய முடிச்சிட்டுப் போகுது. பின்னுக்கு இன்னொராள் காத்துக்கிட்டு நிண்டார்.”

அவர் என் கையைப் பிடித்துக் கரையோரம் கூட்டி வந்தார். “வேலைக்கு எத்தின பேர் நிண்டாங்க?” என்று கேட்டார்.

“ரெண்டு பேர்.”

“என்ட காலத்திலயும் ரெண்டு பேர்தான்” என்று சொல்லி, கரையோரத் தண்ணீரிலேயே உட்கார்ந்து குழந்தை மாதிரிச் சிரித்தார். கண்ணில் வழிந்தது கடல் தண்ணீரா என்று நான் கேட்கவில்லை. நானும் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தேன்.

ஒருவர் தனியாகக் கண்டு வந்த சந்தோஷத்துக்கு ஒரு சாட்சி கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து அவர் மறுபடியும் அந்தக் கதையைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் எனக்குப் புரிகிறது.