இரண்டு வருடம் பிந்திய கம்பஸ்

அப்பாவின் கையில் ஒரு கடலை வடை இருந்தது. அதைக் கடிப்பதற்கு முன்னால்தான் அந்தப் பொய்யைச் சொன்னார். ஸ்காபரோவில் ஒரு மண்டபம், யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள். மார்க்கம் நகரத்திலிருந்து வந்திருந்த அங்கிள், "என்ன, மகனுக்குக் கம்பஸ் கிடைச்சிட்டுதோ?" என்று கேட்டார். எங்கள் ஆட்களுக்குப் பல்கலைக்கழகம் என்றால் கம்பஸ். "ஓம், கிடைச்சிட்டுது" என்றார் அப்பா. இல்லை என்ற செய்தி வந்து அப்போது ஒரு கிழமைகூட ஆகியிருக்கவில்லை.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வருடம் மண்டபத்தில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் கம்பஸ் கிடைத்திருந்தது. என் மகன் மட்டும் கொலிஜுக்குப் போகிறான் என்று வடையோடு நின்று சொல்ல ஒரு தனித் துணிச்சல் வேண்டும். இங்கே கொலிஜ் கம்பஸுக்கு ஒரு படி கீழே; ஊரிலோ கொலிஜ் என்றால் பள்ளிக்கூடம். கனடாவுக்கு வந்தும் பிள்ளை பள்ளிக்கூடத்தில்தான் நிற்கிறான் என்று ஆகிவிடும்.

ஆகவே இரண்டு வருடம் நான் உண்மையில் கொலிஜிலும், தமிழில் கம்பஸிலும் படித்தேன். எங்கள் வீடு இருந்த வோபர்னிலிருந்து பஸ் ஏறினால் தெரிந்த முகம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் உட்காருவேன். அந்தக் காலத்தில் எனக்கு ஏற்பட்ட களைப்பில் படிப்பினால் வந்தது கொஞ்சந்தான். இரண்டாம் வருடம் அதே பல்கலைக்கழகத்துக்கு மறுபடியும் விண்ணப்பித்தேன், கொலிஜிலிருந்து மாறி வருகிறவனாக. எடுத்துக்கொண்டார்கள். முதல் தரம் ஏன் வேண்டாம் என்றார்கள் என்று எனக்குத் தெரியாது. இரண்டாம் தரம் ஏன் வேண்டும் என்றார்கள் என்பதும் இன்றுவரை தெரியாது.

செய்தியைச் சொன்னபோது அப்பா தொழிற்சாலைக்குப் போட்டுக்கொண்டு போகும் சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டிருந்தார். பாண், அதாவது பிரெட், செய்யும் தொழிற்சாலை அது. நிமிர்ந்து பார்த்தார். "நல்லது. ஆனா வெளியிலை சொல்லிக்கொண்டு திரியாதை" என்றார். அவ்வளவுதான். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஏற்கெனவே உள்ளே இருப்பவன் எப்படி மறுபடி உள்ளே போவது? என் வாழ்க்கையில் நான் முயன்று பெற்ற ஒரே வெற்றி, கொண்டாட முடியாத இடத்தில் வந்து விழுந்தது. கொலிஜில் எடுத்த பாடங்களில் பாதியைத்தான் கம்பஸில் ஏற்றுக்கொண்டார்கள் என்பதால் படிப்பும் இழுபட்டது. "இவ்வளவு காலமாப் படிக்கிறாய், டொக்டருக்கோ தம்பி?" என்று கேட்டார் அதே அங்கிள். அப்பா என்னைப் பார்க்காமல் சிரித்தார். அவர் வெட்கப்பட்டது பொய்யை நினைத்தா, என்னை நினைத்தா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. இப்போது நான் குடியிருக்கும் விட்பியிலிருந்து வேலைக்குக் கார் ஓட்டும் நீண்ட காலைகளில்கூட அந்தக் கேள்வி பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்துவிடும்.

போன குளிர்காலத்தில் அப்பா இறந்தார். உடலைப் பார்வைக்கு வைத்திருந்த மண்டபத்தில் எங்கள் ஆட்களுக்கு நடுவே ஒரு வயதான கயானாக்காரர் வந்து என் கையைப் பிடித்தார். அப்பாவோடு பாண் தொழிற்சாலையில் வேலை செய்தவராம். "நீதானே அந்த மகன்? முதலில் எடுக்கவில்லை, கொலிஜுக்குப் போய்விட்டுத் திரும்பக் கேட்டு உள்ளே போனவன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் தலையாட்டினேன். "அன்றைக்கு எங்கள் எல்லாருக்கும் உன் அப்பா டோனட் வாங்கித் தந்தார். ஒவ்வொருவரிடமும் போய், 'ஃபெர்ஸ்ட் நோ. தென் கொலிஜ். நவ் யெஸ்' என்று சொன்னார். யெஸ் என்றபோது மேசையில் தட்டினார்."

பொய் சொல்லுமளவுக்கு அப்பாவிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. இருந்த சொற்கள் உண்மைக்குத்தான் போதுமானவை. ஆனால் மேசையைத் தட்டச் சொல்லி யாரும் அவரைக் கேட்கவில்லையே.

பக்கத்தில் நின்ற மார்க்கம் அங்கிள் மெதுவாகக் கேட்டார். "உவர் என்ன சொல்லுறார் தம்பி?"

"எனக்கு முதல் தரம் கம்பஸ் கிடைக்கேல்லை எண்டுறார் அங்கிள். ரெண்டு வருஷம் கொலிஜிலை படிச்சுத்தான் போனனான்."

தமிழில் அதை முதன்முதலாகச் சொன்னேன். அங்கிள் சுற்றிலும் பார்த்தார். பிறகு என் காதருகே குனிந்தார்.

"எங்கட மூத்தவனுக்கு மூண்டாந் தரந்தான் கிடைச்சது. வீட்டிலை அன்ரிக்கே தெரியாது. சொல்லிப்போடாதை."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். அதை ஒருவரிடம் மட்டும் சொல்லிச் சிரிக்கலாம். அவர் முன்னால் பெட்டியில் படுத்திருந்தார்.